‘எங்கள் வேலை’ என்று சொல்ல வைத்த மாற்றம்

மாற்றம் என்ற சொல் எல்லோருக்கும் ஒரே கருத்தைத் தருவதில்லை. நகரத்தில் வசதியான அலுவலகம் ஒன்றில் இருப்பவருக்கு அது முன்னேற்றத்தின் மறுபெயராக இருக்கலாம். யுத்தத்தைக் கடந்து வந்த எமது பெண்களுக்கோ மாற்றம் என்பது பெரும்பாலும் வேறு யாரோ எடுத்த தீர்மானமாகவே வந்து சேர்ந்திருக்கின்றது. எழும்புங்கள் என்றார்கள், கையில் அகப்பட்டதைச் சுருட்டிக்கொண்டு எழும்பினோம். இந்த முகாமில் இருங்கள் என்றார்கள், இருந்தோம். மீள்குடியேற்றம் என்றார்கள், பஸ்ஸில் ஏறினோம். பின்னர் வீட்டுத்திட்டம் வந்தபோதும், அடுப்படி எந்தப் பக்கம் இருந்தால் வீட்டுக்குள் புகை பிடிக்காது என்று பல இடங்களில் எந்தப் பெண்ணிடமும் கேட்கப்படவில்லை.

இந்த அனுபவத்தோடுதான் ஒரு பெண் வேலைத்தலத்துக்கு வருகின்றாள். அங்கேயும் ஒரு நாள், “திங்கட்கிழமையிலிருந்து புதிய முறை” என்று அறிவிக்கப்படுகின்றது. அவளது முகம் சுருங்குகின்றது. வேலை மந்தமாகின்றது. இரண்டு கிழமையில் வராமலே நின்றுவிடுகின்றாள். உடனே நாம் சொல்லும் காரணங்கள் எவை? “இவைக்கு முன்னேற விருப்பமில்லை.” “நிவாரணம் எடுத்துப் பழகினவை.” சமூக சேவையாளராக வன்னியில் வேலை செய்த ஆண்டுகளில் இந்த வார்த்தைகளை எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கின்றேன். சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் அந்த விளக்கம் உண்மைதானா என்று நாம் சிந்திக்க வேண்டியிருக்கின்றது.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் எமக்குக் கற்பிக்கப்பட்ட ஓர் ஆய்வு இதற்கு உதவும். அது எழுபத்தைந்து ஆண்டுகளுக்கும் முற்பட்டது, அமெரிக்காவில் நடந்தது. ஆயினும் அதில் வருபவர்கள் எம்மைப் போன்ற கிராமத்துப் பெண்கள். செய்த வேலையும் உடுப்புத் தைக்கும் வேலைதான்.

மலைப்பகுதிப் பெண்களின் தொழிற்சாலை

அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் மரியன் என்றொரு சிறு நகரம் இருக்கின்றது. அங்கே ஹார்வூட் என்ற நிறுவனம் பைஜாமா தைக்கும் தொழிற்சாலை ஒன்றை நடத்தி வந்தது. ஏறக்குறைய 500 பெண்களும் 100 ஆண்களும் அங்கு வேலை செய்தனர். சுற்றியிருந்த மலைப்பகுதிக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். அதற்கு முன் தொழிற்சாலை வேலை அறியாதவர்கள். சராசரி வயது 23. சராசரிப் படிப்பு எட்டாம் வகுப்பு.

அவர்களுக்கு உருப்படிக் கணக்கில் சம்பளம். ஒரு மணித்தியாலத்துக்கு 60 அலகு வேலை செய்ய வேண்டும் என்பது நியமம். சந்தை மாறும்போது உடுப்பின் மாதிரியும் வேலை முறையும் மாறும். அவ்வாறு மாற்றும் ஒவ்வொரு தடவையும் நிர்வாகத்துக்குத் தலையிடிதான். பழைய வேலையில் திறமையாக இருந்த பெண்கள்கூடப் புதிய வேலைக்கு மாற்றப்பட்டதும் தடுமாறினர். கணக்கெடுத்துப் பார்த்தபோது, மாற்றப்பட்டவர்களுள் 38 வீதத்தினர் மட்டுமே மீண்டும் 60 அலகை எட்டியிருந்தனர். மற்றைய 62 வீதத்தினர் நியமத்துக்குக் கீழேயே நின்றுவிட்டனர், அல்லது வேலையை விட்டு விலகினர். மாற்றக் காலத்தில் வருமானம் குறையாதிருக்கப் பணமும் கொடுத்துப் பார்த்தார்கள். பணத்தால் மட்டும் அது தீரவில்லை.

லெஸ்ரர் கொச், ஜோன் பிரெஞ்ச் என்ற இருவர் இதனை ஆராய்ந்து 1948இல் வெளியிட்டனர். கைகள் புதிய வேலையைப் பழகாதது பெரிய காரணமாக இருக்கவில்லை. மாற்றம் கொண்டுவரப்பட்ட விதத்தில் ஏற்பட்ட மனக்கசப்பே பெரிய காரணம் என்று அவர்கள் கருதினர். அதைச் சோதிப்பதற்காகப் பெண்களைச் சில குழுக்களாகப் பிரித்து, மாற்றத்தை வெவ்வேறு விதமாக அறிமுகப்படுத்தினர்.

மூன்று விதமான அணுகுமுறை

முதலாவது குழுவில் உடுப்பு மினுக்கும் 18 பேர் இருந்தனர். மட்டையின் மேல் அடுக்கி வந்த உடுப்புகளை இனிமேல் பெட்டிக்குள் அடுக்க வேண்டும். மாற்றம் அவ்வளவுதான். வழமைப்படி அவர்களைக் கூட்டி, போட்டி அதிகரித்துவிட்டது, எனவே இந்த மாற்றம் அவசியம் என்று விளக்கினார்கள். புதிய வேலைக்குரிய கணக்கையும் சொன்னார்கள். கேள்விகளுக்குப் பதிலும் அளித்தார்கள். பிறகு வேலைக்கு அனுப்பினார்கள்.

இரண்டாவது குழுவில் உடுப்பு மடிக்கும் 13 பேர். இவர்களுக்கு ஒரே மாதிரியான இரண்டு உடுப்புகள் காட்டப்பட்டன. ஒன்று 1946இல் தைத்தது, மற்றையது 1947இல் தைத்தது. முதலாவது மற்றையதைவிட இருமடங்கு விலைக்கு விற்கப்பட்டது. எது மலிவானது என்று கேட்டபோது யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. செலவைக் குறைக்க வேண்டியதன் அவசியம் அவர்கள் கண்முன்னே தெரிந்தது. அதன் பின்னர் தமக்குள்ளிருந்து சிலரைத் தெரிவு செய்தனர். அவர்கள் புதிய முறையைப் பழகி, ஆலோசனை சொல்லி, மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தனர்.

மேலும் இரண்டு சிறிய குழுக்கள் இருந்தன. ஒன்றில் 8 பேர், மற்றையதில் 7 பேர். இங்கே பிரதிநிதிகள் இல்லை. எல்லாருமே புதிய முறையை வடிவமைப்பதில் பங்குபற்றினர்.

முதலாவது குழுவில் எதிர்ப்பு உடனேயே கிளம்பியது. முதல் 40 நாட்களுக்குள் 17 வீதத்தினர் வேலையை விட்டனர். முறைப்பாடுகள் எழுந்தன. உற்பத்தி 50 அலகு அளவிலேயே முடங்கிக் கிடந்தது. பிரதிநிதிகளைத் தெரிவு செய்த குழு 14 நாட்களில் 61 அலகை எட்டியது. அந்த 40 நாட்களில் ஒருவரும் விலகவில்லை. எல்லாரும் பங்குபற்றிய இரு சிறு குழுக்களும் அதைவிட விரைவாக மீண்டன. தமது பழைய அளவையும் தாண்டி, ஏறக்குறைய 14 வீதம் கூடுதலாகச் செய்தனர். அங்கும் ஒருவரும் விலகவில்லை.

இன்னொரு விடயம். இரண்டரை மாதம் கழித்து, முதலாவது குழுவில் எஞ்சியிருந்த 13 பேரும் வேறொரு வேலைக்கு மாற்றப்பட்டனர். இம்முறை அவர்கள் எல்லாரையும் சேர்த்துத் திட்டமிட்டார்கள். ‘முரண்டு பிடிப்பவர்கள்’ எனப்பட்ட அதே பெண்கள் இப்போது விரைவாகவும் நல்ல மனதோடும் புதிய வேலையைப் பழகிக்கொண்டனர். பெண்கள் மாறவில்லை. அவர்களை நடத்திய விதம் மாறியது. பங்குபற்றிய குழுக்களின் பேச்சிலே ‘எங்கள் வேலை’, ‘எங்கள் கணக்கு’ என்ற சொற்கள் தாமாகவே வந்ததை ஆய்வாளர்கள் குறித்து வைத்திருக்கின்றனர்.

அகதியாய் வந்த ஓர் அறிஞர்

இந்த ஆய்வுக்குப் பின்னால் கேர்ட் லெவின் என்ற உளவியல் அறிஞரின் சிந்தனை இருந்தது. ஹார்வூட் நிறுவனத்தின் தலைவர் அல்பிரட் மரோ 1939இல் அவரைத் தொழிற்சாலைக்கு அழைத்து வந்தார். லெவின் ஜெர்மனியில் வாழ்ந்த யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933ஆம் ஆண்டிலேயே நாட்டை விட்டு வெளியேறியவர். அவருடைய தாயார் பின்னர் நாசிகளின் இனப்படுகொலையில் உயிரிழந்தார். அதிகாரத்தால் மனிதரை அசைப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை வாழ்க்கையில் கண்டவர் அவர். மக்களைச் சேர்த்துக்கொண்டு எவ்வாறு மாற்றத்தை உண்டாக்கலாம் என்பதிலே அவருடைய ஆராய்ச்சி நின்றது.

இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் அமெரிக்காவில் நல்ல இறைச்சிக்குத் தட்டுப்பாடு. இதயம், சிறுநீரகம் போன்ற பாகங்களையும் சமைக்கும்படி குடும்பப் பெண்களைத் தூண்டவேண்டியிருந்தது. லெவின் ஆறு பெண்கள் குழுக்களை எடுத்தார். மூன்று குழுக்களுக்கு நல்ல விரிவுரை, போசாக்கு விளக்கம், சமையல் குறிப்பு எல்லாம் கொடுக்கப்பட்டன. மற்றைய மூன்று குழுக்களிலும் பெண்களே தமக்குள் கலந்துரையாடி, இறுதியில் கையை உயர்த்தித் தீர்மானித்தனர். பின்னர் வீட்டுக்கு வீடு விசாரித்தபோது, விரிவுரை கேட்டவர்களுள் 3 வீதத்தினரே முன்னர் சமைத்திராத பாகத்தைச் சமைத்திருந்தனர். கலந்துரையாடித் தீர்மானித்தவர்களுள் 32 வீதத்தினர் சமைத்திருந்தனர்.

கருத்தரங்குகளில் மணிக்கணக்காக இருந்து பழகிய எமது சகோதரிகளுக்கு இதில் ஆச்சரியம் இராது. கேட்டுவிட்டு வருவதற்கும் தீர்மானித்துவிட்டு வருவதற்கும் வித்தியாசம் இருக்கின்றது.

ஒரு தையல் நிலையத்தில்

இனி எமது மண்ணுக்கு வருவோம். 2016இல் வன்னிக் கிராமம் ஒன்றின் பெண்கள் தையல் நிலையத்தோடு எனக்குத் தொடர்பு ஏற்பட்டது. அங்கு 14 பெண்கள். பாதிக்கு மேற்பட்டோர் குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள். ஒவ்வொருவரும் தாமே துணி வெட்டி, தாமே தைத்து, பாடசாலைச் சீருடையும் சோட்டியும் கொடுத்து வந்தனர். நகரத்துக் கடைக்காரர் ஒருவர் ஒரு தொகுதிச் சீருடைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரே இலக்கம் போட்ட சட்டைகள் வெவ்வேறு அளவில் இருந்தன. அடுத்த முறையும் இப்படி என்றால் ஓடர் இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த ஓடர் போனால் நிலையத்தை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை.

நிலையத்தை நடத்திய அமைப்பு உடனே ஒரு தீர்மானம் எடுத்தது. இனிமேல் பெரிய தொழிற்சாலை போல ஒருவர் கை இணைப்பார், ஒருவர் கழுத்துப் பிடிப்பார், ஒருவர் கரை மடிப்பார். எல்லாரும் காலை 8 மணிக்கு வந்து 4 மணி வரை இருக்க வேண்டும். மூன்று கிழமைக்குள் ஐந்து பெண்கள் நின்றுவிட்டனர். அவர்களோடு பேசி ‘வழிக்குக் கொண்டு வரும்படி’ என்னைக் கேட்டார்கள். நான் மூன்று பின்னேரங்கள் தரும்படி கேட்டேன். நின்றவர்கள் உட்பட 14 பேரும் வரவேண்டும், வருகின்ற நேரத்துக்குரிய காசும் கொடுக்கப்பட வேண்டும் என்றும் கேட்டேன்.

முதல் நாள் நீண்ட நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு வயதில் மூத்த ஓர் அக்கா சொன்னார்:

“மிஸ், நாங்கள் சொல்லி என்ன நடக்கப் போகுது? எல்லாம் முடிவெடுத்துப் போட்டுத்தானே கூப்பிட்டனீங்கள்.”

“அக்கா, உடுப்புத் திரும்பி வந்தது வந்ததுதான். அதை நானும் மாத்தேலாது, நீங்களும் மாத்தேலாது. ஆனா அதை எப்பிடிச் சரி செய்யிறது எண்டது இன்னும் முடிவாகேல்லை” என்றேன். அமைப்பின் உத்தியோகத்தரும் அதை எல்லார் முன்னிலையிலும் உறுதிப்படுத்தினார். அதற்குப் பிறகுதான் பேச்சு ஆரம்பமாயிற்று.

திருப்பி வந்த சீருடைகளை மேசையில் பரப்பினோம். பெண்கள் தமது அளவு நாடாக்களால் அவற்றை அளந்தார்கள். அரை மணித்தியாலத்தில் உண்மை தெரிந்துவிட்டது. தையலில் குறையில்லை. ஒவ்வொருவரும் தமது கைப்பழக்கத்தில் வெட்டியதால் வெட்டில்தான் அளவு மாறியிருந்தது. தையல் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்ததால் அந்தக் குறை தீரப்போவதில்லை. வெட்டும் இடத்தை மட்டும் சரி செய்தால் போதும். இதனை எந்த உத்தியோகத்தரும் கண்டுபிடிக்கவில்லை. கத்திரிக்கோல் பிடித்தவர்களுக்குத்தான் அது தெரிந்தது.

இரண்டாம் நாள், நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்பது வெளிவந்தது. இருவருக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் விட்டுவிட்டு 8 மணிக்கு வரமுடியாது. வரிசை முறையில் ஒருவர் பிந்தினால் எல்லாருக்கும் வேலை தடைப்படும், ஏச்சும் விழும். தோளில் செல் துண்டு இருக்கும் ஒரு தங்கச்சி சொன்னாள்: “என்ர கை மெதுவாத்தான் ஓடும். முந்தி அது எனக்கும் மெசினுக்கும் மட்டும் தெரிஞ்ச விசயம். இப்ப என்ர முன்னுக்கு உடுப்புக் குவியேக்கை எல்லாரும் என்னையே பாக்கிற மாதிரி இருக்கு.” அவளுடைய தையல்தான் அங்கே மிகவும் துப்புரவானது.

மூன்றாம் நாள் அவர்களே திட்டம் போட்டார்கள். தெரிவு செய்யப்பட்ட இருவர் மட்டைகளில் அளவு வெட்டி வைத்து, எல்லாருக்குமான துணியையும் வெட்டுவார்கள். தைப்பது முன்போல அவரவர் வேலை. தொடங்கும் நேரம் எட்டரை மணி. கரை மடிப்பதையும் தெறி தைப்பதையும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அனுப்புவதற்கு முன்னர் இருவர் சரி பார்ப்பார்கள், மாதந்தோறும் அந்த இருவரும் மாறுவார்கள். உத்தியோகத்தருக்குத் தயக்கம் இருந்தது. ஒரு மாதம் பார்ப்போம் என்று உடன்பட்டார்.

எல்லாம் இனிதே முடிந்தது என்று நான் எழுதப் போவதில்லை. இரண்டாம் மாதமே சண்டை வந்தது. நாள் முழுவதும் வெட்டுகின்ற இருவருக்கும் உருப்படிக் கணக்கில் காசு இல்லை. பேசிப் பேசி, ஒவ்வொரு உருப்படியிலிருந்தும் வெட்டுக்கூலியாக ஒரு தொகையை ஒதுக்குவதென்றும், கணக்கைக் கரும்பலகையில் எழுதுவதென்றும் முடிவாயிற்று. நின்ற ஐந்து பேரில் மூன்று பேரே திரும்பி வந்தனர். ஒருவர் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்துவிட்டார். கடன் நெருக்கியதால் மற்றவர் ஏற்கனவே வீட்டு வேலைக்காக வெளிநாடு போய்விட்டார். தோள் காயப்பட்ட தங்கச்சி வந்தாள். அவளைத்தான் முதலாவதாகச் சரி பார்ப்பவராகத் தெரிவு செய்தார்கள். கடைக்காரரின் ஓடரும் நிலைத்தது.

2022இல் நாடே பொருளாதார நெருக்கடியில் தவித்தபோது, நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாத நாட்கள் வந்தன. அந்தப் பெண்கள் யாரையும் எதிர்பார்க்கவில்லை. தாமாகவே கூடி, மூலையில் போட்டிருந்த கால்மிதி மெசின்களைத் துடைத்து எண்ணெய் விட்டு, மின்சாரம் வரும் நேரத்தில் ஓவர்லொக், மற்ற நேரத்தில் கால்மிதியில் தையல் என்று நேரம் பிரித்துக்கொண்டார்கள். எனக்குச் செய்தி மட்டும்தான் வந்தது. முதல் மாற்றத்தில் கற்ற பழக்கம், இரண்டாவது மாற்றத்தில் அவர்களுக்குச் சொந்தமாகிவிட்டது.

நாம் செய்யக்கூடியவை

எம்மில் பலர் இன்று மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் தலைவியாகவோ, கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளராகவோ, தொழிற்சாலையில் மேற்பார்வையாளராகவோ இருக்கின்றோம். ஒரு மாற்றத்தைக் கொண்டுவரும் பொறுப்பு எமக்கு வரும்போது சில விடயங்களைக் கவனத்திற் கொள்ளலாம்.

முதலில், பிரச்சினையைக் காட்டுங்கள், தீர்வை அல்ல. திரும்பி வந்த உடுப்பு, குறைந்துபோன வருமானக் கணக்கு, கெட்டுப்போன மிளகாய்த்தூள் பைக்கற் என எதுவானாலும் கையில் எடுத்துப் பார்க்கக் கொடுங்கள்.

இரண்டாவதாக, எது தீர்மானிக்கப்பட்டுவிட்டது, எது இன்னும் திறந்திருக்கின்றது என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். முடிந்துபோன விடயத்துக்குக் கருத்துக் கேட்டால் அடுத்த கூட்டத்தில் ஒருவரும் பேசமாட்டார்கள்.

மூன்றாவதாக, கூட்டத்தின் நேரத்தைப் பெண்களின் நாளுக்கு ஏற்ப வையுங்கள். கூலி வேலையை விட்டு வருபவருக்கு அந்த நேரம் காசு. பேசத் தயங்குபவர்களை மூன்று நான்கு பேர் கொண்ட சிறு குழுக்களில் முதலில் பேச விடுங்கள்.

நான்காவதாக, முதலில் ஒரு மாதம் பரீட்சார்த்தமாகச் செய்யுங்கள். மாத முடிவில் எல்லாரும் இருந்து திருத்துங்கள். லெவின் மாற்றத்தை மூன்று கட்டங்களாகச் சொன்னார்: இறுகியிருக்கும் பழக்கத்தை இளக்குதல், புதியதற்கு நகர்தல், புதியதை மீண்டும் உறுதியாக்குதல். கடைசிக் கட்டத்தை நாம் அநேகமாக மறந்துவிடுகின்றோம். கரும்பலகைக் கணக்கு, மாதாந்தக் கூட்டம் போன்ற சிறிய ஒழுங்குகளே புதிய முறையைத் தாங்கி நிற்பவை.

ஐந்தாவதாக, நின்றுவிட்டவரின் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். புதிய முறையின் குறை அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கேட்பதும், கேட்பது போல் நடிப்பதும்

கலந்தாலோசித்தால் எல்லாம் நடந்துவிடும் என்பதும் சரியல்ல. ஹார்வூட் ஆய்வைப் போலவே நோர்வேயின் பாதணித் தொழிற்சாலை ஒன்றிலும் செய்து பார்த்து, 1960இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அங்கே பங்குபற்றிய குழுக்களின் உற்பத்தி பெரிதாகக் கூடவில்லை. அவர்களிடம் விடப்பட்ட தீர்மானங்கள் உற்பத்தியோடு அதிகம் தொடர்பில்லாதவை. அத்துடன், இத்தகைய விடயங்களைத் தொழிற்சங்கத்தின் மூலம் பேசுவதே முறை என்று எண்ணிய தொழிலாளரும் இருந்தனர்.

ஹார்வூட்டிலும்கூட, மாற்றம் வேண்டுமா என்று பெண்களிடம் கேட்கப்படவில்லை. எவ்வாறு செய்வது என்றுதான் கேட்கப்பட்டது. குழுக்களும் சிறியவை. இதையும் நாம் மனதில் வைத்திருக்க வேண்டும். சுவருக்கு என்ன நிறம் பூசலாம் என்று எம்மிடம் கேட்டுவிட்டு, சம்பளத்தையும் நேரத்தையும் மூடிய அறைக்குள் தீர்மானித்தால் அது பங்குபற்றல் ஆகாது. பெரிய தொழிற்சாலைகளில் வேலை செய்யும் சகோதரிகள், இலங்கைச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே ஒரு தொழிற்சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்பதை அறிந்திருப்பது நல்லது. வேலைத்தலத்தில் 40 வீதமான ஊழியரை அங்கத்தவராகக் கொண்ட சங்கத்தோடு பேச மறுப்பது நியாயமற்ற தொழில் நடைமுறை என்று 1999ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் சொல்கின்றது. அன்பாகக் கேட்கும் முகாமையாளர் நாளை மாற்றலாகிப் போகலாம். எமது அமைப்பு எம்மோடு இருக்கும்.

எனவே சகோதரிகளே, உங்கள் நிலையத்திலோ சங்கத்திலோ அடுத்த தடவை “புதிய முறை” என்ற அறிவித்தல் வரும்போது, மௌனமாக நிற்பதும் வேலையை விட்டு விலகுவதும் மட்டுமே வழிகள் என்று எண்ணவேண்டாம். “என்ன பிரச்சினைக்காக இதைச் செய்கின்றீர்கள்? எங்களுக்கும் காட்டுங்கள்” என்று கேளுங்கள். நீங்கள் அறிவிக்கும் இடத்தில் இருந்தால், கேட்பதற்கு முன்னரே காட்டுங்கள்.